துண்டுக்குள் இருந்த கை

என் கைக்கு ராசியில்லை என்று அன்னூர்ச் சந்தையில் கிளப்பிவிட்டவர் நீங்கள்தான். பத்திரிகைக்கு எழுதும் இந்தக் கடிதத்தில் உங்கள் பெயரை எழுதவில்லை. படித்ததும் உங்களுக்கே உறைக்கும்.

மாட்டுத் தரகனுக்குக் கைதான் முதல். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறோம். வெளியே முகம் அசையக் கூடாது. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். நாலு பேரிடம் பேச்சு வாங்கிப் பிழைக்கிற வாசகர்களுக்கு என் பாடு தெரியும்.

சுண்டுவிரல்

தொழிலுக்கு வந்த புதிது. ஒரு குடியானவருக்காக மாடு வாங்கப் போனேன். விற்கிற வியாபாரி, விலையை ஏற்றிக் கேட்டபடி துண்டுக்குள் என் சுண்டுவிரலை முறுக்கினார். கத்திவிட்டேன். சந்தையே திரும்பிப் பார்த்தது. ஆள் தவிக்கிறான் என்று தெரிந்ததும் வியாபாரி அதற்குமேல் இறங்கவேயில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஏனுங்க, வலிக்குதுன்னு ஊட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. இங்க சொன்னா வெல ஏறிப்போகுமுங்க."

சாதுவான காளை

மதுக்கரையில் சிமெண்டு ஆலை வந்த சமயம் அது. கல் இழுக்க மாடு தேடி ஒரு வண்டிக்காரர் வந்தார். "குழந்தை மாதிரிங்க, தொட்டாலும் திரும்பாது" என்று நான் காளையின் தொடையைத் தட்டினேன். முழங்காலில் விட்டது ஓர் உதை.

பழைய ஆளாக இருந்தால் சாட்டையைத் தேடியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, உதையே விழாதது போல அதன் சுழியைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றேன். வண்டிக்காரர் காளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாடு சாதுன்னே வெச்சுக்குவோமுங்க. உங்க கண்ணுல தண்ணி வருதே, அதுக்கு எவ்வளவு தள்ளுவீங்க?"

உருவாத கை

போன தையில் என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்து முதல் முறையாகச் சந்தைக்கு வந்தேன். உழவு மாடு ஒன்று செத்துப்போய், பருவம் தப்பிவிடும் என்ற தவிப்போடு ஒரு கவுண்டர் வந்திருந்தார். எங்கள் இருவர் கையும் துண்டுக்குள். அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்: "பொண்டாட்டியவே காப்பாத்தாத கை. மாட்டுக்கு மட்டும் ஆகுமாக்கும்."

பேச்சு முடியுமுன் கையை உருவினால் அந்தப் பேரம் அத்தோடு முறிந்தது என்பது சந்தை வழக்கம். முறிந்தால் முறியட்டும், உங்கள் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்றுதான் உருவப் போனேன். கவுண்டர் விடவில்லை. என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்:

"உருவாதீங்க. உருவுனீங்கன்னா அவன் சொன்னது நெசமாப் போயிருமுங்க."

வெற்றிலை

பேரம் முடிந்தது. அந்த மாடு இன்றும் நன்றாக உழுகிறது. ஆனால் உங்கள் பேச்சு மாட்டைவிட வேகமாக ஊர் ஊராகப் போய்விட்டது. வீட்டில் தாயில்லாத இரண்டு பெண்கள். நான் துண்டை எடுத்தால் ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள்.

வருஷக்கணக்காக என்னிடமே வந்துகொண்டிருந்த ஒருவர், போன சந்தையில் வேறு தரகரோடு போனார். திரும்பும்போது எதிரில் வந்துவிட்டார். வெற்றிலையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், வாயில் போடவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க. நாளைக்கு மாட்டுக்கு ஒண்ணுன்னா, ஊட்டுல அம்மணிக்கு யாரு பதில் சொல்றது?"

ஆகவே ஐயா, வருகிற சந்தைக்கு வந்து, சொன்ன இடத்திலேயே நின்று, சொன்ன அதே சத்தத்தில் அது பொய்யென்று சொல்லிவிடுங்கள். இவ்வளவு நாள் கோபத்தை அடக்கி உங்களுக்கு மரியாதை கொடுத்த அலுப்பு எனக்கும் கொஞ்சம் தீரட்டும்.