விளங்கவில்லை என்று சொல்லச் சொன்ன நீதிபதி

இலங்கையில் சண்டை முடிந்த கிழமை கனடாவில் என் அகதி வழக்குக்குத் திகதி வந்தது. ஸ்காபரோவில் ஹொட்டேல் விரிப்புகள் தோய்க்கிற லோன்றியில் அப்போது எனக்கு வேலை. கடிதத்தை மெஷினில் நிற்கும் அண்ணைக்குக் காட்டினேன். அவருக்கு எல்லாம் பகிடி.

"சண்டை முடிஞ்சுது, இனி உங்களை வைச்சிருக்க மாட்டாங்கள். வின்ரர் கோட் ஒண்டும் வாங்கிப்போடாதேங்கோ அக்கா."

நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது பிழையும் இல்லை. திருப்பி அனுப்பினால் எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. என் மனுசனை வீட்டுக்கு வந்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் அதே ஊரில்தான் இருந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அதை நானே உண்டாக்கினேன். வந்திறங்கிய அன்று ஒரு அதிகாரி இங்கிலீஷில் இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டினேன். ஊரில் ஆமி மறிக்கிற சென்றியில் பழகிய பழக்கம் அது. துவக்கு வைத்திருப்பவன் என்ன கேட்டாலும் ஓம் சொன்னால் பஸ்ஸில் திரும்ப ஏறலாம். இல்லை என்றால் இறக்கி வைப்பார்கள். இங்கே துவக்கு இல்லை, ஆனால் மேசை இருந்தது. வேலை செய்யத்தான் வந்தாயா என்று கேட்டிருக்கிறார். ஓம். ஊரில் பயம் ஒன்றும் இல்லையா? அதற்கும் ஓம். என் லோயர் அந்த அதிகாரி எழுதிய காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

லோன்றியில் என்னோடு விரிப்பு மடித்தவர் எல் சல்வடோர் நாட்டு அம்மா ஒருவர். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு முனை அவர் கையில், இரண்டு என் கையில். கிட்ட வரும்போது பேசலாம், விலகினால் மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. எங்கள் இருவருக்கும் உடைந்த இங்கிலீஷ். அவர் கதை முழுவதையும் நான் கேட்டு முடிக்க மூன்று கிழமை எடுத்தது.

அவர் நாட்டிலும் சண்டை நடந்து முடிந்ததாம். கனடா வருமுன் அமெரிக்காவில் ஒரு நகரத்தில் இருந்தாராம். அங்கே வாடகை வீட்டை விட்டு எழும்பச் சொல்லி வழக்கு. நீதிபதி ஒரு பெண். அந்த நகரத்தில் நீதிபதியாக வந்த முதல் ஸ்பானிஷ்காரப் பெண். இவர் இங்கிலீஷ் விளங்காமல், பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறார். நீதிபதி பேச்சை நிறுத்தி ஸ்பானிஷுக்கு மாறினாராம். "நான் இப்போது என்ன சொன்னேன், சொல்லுங்கள்" என்றாராம். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீதிபதி கோபிக்கவில்லை. தன் தாயும் அரசாங்கக் கந்தோர்களில் இப்படித்தான் தலையாட்டினார், பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் என்றாராம். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள், இந்த அறையில் அது குற்றமில்லை என்றாராம். பிறகு தன் அறைக் கதவில் அதையே எழுதி ஒட்டுவித்தார். மற்ற நீதிபதிகளும் தங்கள் கதவுகளில் ஒட்டினார்கள். அவர் ஓய்வுபெற்ற பிறகும் அது கிடக்கிறதாம். சனம் அவரை மறக்கவில்லை. பேப்பரில் வந்த படத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள், இந்த அம்மாவும்தான்.

எனக்கு நம்பிக்கை இல்லை. அது அங்கே, இது இங்கே என்றேன். அம்மா விரிப்பை உதறினார்.

வழக்கு நாள் வந்தது. தீர்ப்புச் சொல்பவரும் ஒரு பெண். பக்கத்தில் மொழிபெயர்க்க எங்கள் ஆள் ஒருவர், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக. முதலில் அந்தப் பழைய காகிதத்தை வாசித்தார்கள். நீங்கள் சொன்னதா என்று கேட்டார்கள். தொண்டைவரை ஓம் வந்துவிட்டது. தண்ணீர் குடித்தேன். அந்த அதிகாரி கேட்டது எனக்கு விளங்கவில்லை, பயத்தில் ஓம் என்றேன் என்றேன். தீர்ப்புச் சொல்லும் பெண் எழுதிக்கொண்டார்.

அடுத்தது நீளமான கேள்வி. மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரசங்கம்போலச் சொன்னார். மாறிய சூழ்நிலை, மீளத் திரும்புதல், நியாயமான அச்சம்.

"விளங்கேல்லை," என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் குனிந்தார். "அக்கா, அப்பிடிச் சொன்னா அவ கோவிப்பா."

"கோவிச்சால் கோவிக்கட்டும். நான் சொன்னதைச் சொல்லுங்கோ."

சொன்னார். அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டுச் சின்னதாகக் கேட்டார். சண்டை முடிந்துவிட்டது, இனி யாரைப் பார்த்துப் பயம்?

"சண்டை முடிஞ்சுது. அவரைக் கொண்டுபோனவை முடியேல்லை. அங்கைதான் இருக்கினம். நான் அவையின்ரை முகத்தைப் பாத்தனான். நான் பாத்தது அவைக்கும் தெரியும்."

மொழிபெயர்ப்பாளர் இந்தமுறை பிரசங்கம் செய்யவில்லை. மெதுவாகச் சொன்னார். வெளியே இருக்கச் சொன்னார்கள். அரை மணித்தியாலத்தில் திரும்பக் கூப்பிட்டு, ஏற்றுக்கொண்டோம், நீங்கள் இங்கே இருக்கலாம் என்றார்கள். லோயர் கை தந்தார். எனக்குப் பசி வந்தது.

வெளியே சுவரோரம் கிடந்த மரவாங்கில் எங்கள் ஆள் ஒருவர் தன் முறைக்குக் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். இரவல் கோட். என் முகத்தைப் பார்த்ததும் எழும்பி நின்றார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருந்தாலும் நின்றேன்.

"அண்ணை, உள்ளுக்கை கேக்கிறது விளங்காட்டி, விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ. அது குற்றமில்லை."

"ஓம் தங்கச்சி, ஓம் ஓம்," என்று தலையாட்டினார்.

"நான் இப்ப என்ன சொன்னனான், சொல்லுங்கோ பாப்பம்."

அவர் முழித்தார். பிறகு சிரித்துவிட்டு எனக்கு இடம் விட்டு வாங்கில் தள்ளி இருந்தார். நான் பக்கத்தில் குந்தி, முதலில் இருந்து சொன்னேன்.