மூன்றாம் படுக்கைக்குப் புறப்பாடு

இடது கை ஜெல்லைப் பிதுக்கிவிட்டு பாட்டிலைக் கீழே வைப்பதற்குள், வலது கை நெஞ்செலும்புக்கு அடியில் இருக்கும் குழியைக் கண்டுபிடித்துவிட்டது. அந்தக் கையில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு ப்ரோப். அதன் ஒயர் ஸ்கேன் மெஷினுக்குள் போயிற்று. விரல்கள் அதைச் சாய்த்து, இடது தோளைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பின. திரையில் சாம்பல் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு இதயம் விரிந்து சுருங்கியது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க, மாஸ்டர்."

"சாப்பிட்ட வயிறுங்க டாக்டர். இதுக்கு மேல இழுத்தா சாம்பார்தான் வரும்."

ஸ்கேன் அறையில் மல்லாந்து கிடந்த கேண்டீன் மாஸ்டர் சரத்குமாருக்கு நோய் எதுவும் கிடையாது. டாக்டர் செல்லக்கிளிக்குத் தினமும் பழக ஒரு நெஞ்சு வேண்டும், அவ்வளவுதான்.

மருங்காபுரியில் பிறந்து, மயக்கவியல் படித்து, திருவானைக்காவல் பக்கத்தில் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். படித்த காலத்தில் ஸ்கேனை யாரும் சொல்லித் தரவில்லை. ஸ்கேன் டாக்டர் கை வைத்த இடத்தில் அவர் போன பிறகு தானும் வைத்துப் பார்த்தே பழகினார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் கணவர் அன்புச்செல்வன், டிபன் கேரியர் கொண்டுவந்த நாளெல்லாம் சட்டையைக் கழற்றிப் படுக்க வேண்டியிருந்தது. பிறகு அவர் கேரியரை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடப் பழகிக்கொண்டார்.

மெஷின் வாங்கியதே, ஆபத்தில் இருக்கும் நோயாளியை நகர்த்தாமல் படுக்கைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதற்காகத்தான். திறப்பு விழாவில் மூன்று பேர் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். மறுநாளே அதை ஸ்கேன் அறைச் சுவரோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார் மேலாளர் ஸ்ரீரங்கராஜன்.

கோயிலை ஒட்டிய உத்தர வீதிக்காரர், ரயில்வே ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கோ ஓர் ஊரில் ஸ்கேன் மெஷினுக்குச் சீல் வைத்தார்கள் என்று பேப்பரில் படித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற அறிவிப்பு ஸ்கேன் அறைச் சுவரிலேயே இருந்தது. மெஷின் வெளியே போனால்? அதற்கென்று தனியாக ஒரு போர்டு செய்தார். சட்டம் அவ்வளவு கேட்கவில்லை. அவருடைய பயம் கேட்டது.

அன்றிலிருந்து மெஷின் கிளம்பினால் அது புறப்பாடுதான். முன்னால் மெஷின், பின்னால் நிமிர்த்திப் பிடித்த போர்டு, அதற்கும் பின்னால் சாவியோடு ஸ்ரீரங்கராஜன். வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு.

சரத்குமார் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நர்ஸ் லூர்துராணி.

"டாக்டர், மூணாம் பெட் பிரஷர் இறங்கிக்கிட்டே போகுது. சலைன் ஓடியும் ஏறல. பெரிய டாக்டர் போன்ல இன்னொரு பாட்டில் போடச் சொல்றார்."

மூன்றாம் படுக்கையில் இருந்தவர் ரெங்கராஜ், ஜீயபுரத்து வாழை விவசாயி. காலையில் மூச்சுத் திணறலோடு வந்தவர். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தால் பாட்டில் காப்பாற்றும். இதயம் சோர்ந்திருந்தால் அதே பாட்டில் கொன்றுவிடும். இதயத்தை வெளியிலிருந்து ஏதாவது நெருக்கிக்கொண்டிருந்தால் பாட்டிலை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. மூன்றும் வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே பார்த்தாக வேண்டும். கட்டிலோடு அவரை இங்கே கொண்டுவரலாம் என்றால், வழியிலேயே போய்விடுவார்.

செல்லக்கிளி மேலாளரின் அறைக்கு ஓடினார்.

"மெஷின் எழுந்தருளப்படாது டாக்டர். போர்டு பெயிண்டர்கிட்டப் போயிருக்கு. எழுத்தெல்லாம் மங்கிடுத்து."

"எப்ப வரும்?"

"நாளைக்கு."

"சார், அவருக்கு அறுபத்திரண்டு வயசு. ஆம்பளை."

"அது நேக்குத் தெரியறது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவாளுக்குத் தெரியணுமே."

சண்டை போட நேரமில்லை. பயத்தைப் போக்க முடியாது. அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று செல்லக்கிளிக்குத் தோன்றியது.

"போர்டு என்ன சார் பண்ணுது?"

"அறிவிக்கறது."

"அப்ப நீங்க வந்து அறிவிங்க. பெட் பக்கத்துல நின்னு, சத்தமா."

ஸ்ரீரங்கராஜன் யோசித்தார். "அடியேன் வாயால சொன்னா செல்லுமோ?"

"போர்டு படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் சார். உங்க குரல் எல்லாருக்கும்."

சாவி இடுப்பிலிருந்து வந்தது.

மூன்றாம் படுக்கையின் கால்மாட்டில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சன்னிதியில் பாசுரம் சேவிக்கிற குரலில் அவர் ஆரம்பித்தார்: "கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது. கேட்பதும் குற்றம்."

ரெங்கராஜின் மனைவி மாரியாயி மிரண்டு போனாள். "ஆம்பளைதாங்க இவரு. எனக்கு நாலு புள்ளைங்க இருக்கு."

"அது மெஷினோட வர்றதும்மா," என்றாள் லூர்துராணி. "நீங்க அவர் கையைப் பிடிச்சுக்குங்க."

செல்லக்கிளிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. ப்ரோப் குழியில் உட்கார்ந்தது. திரையில் இதயத்தைச் சுற்றிலும் கறுப்பாக ஒரு பட்டை. தண்ணீர். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் வலப்பக்கம் விரிய இடமில்லாமல் உள்ளே குழிந்தது.

"அம்மா, இதயத்தைச் சுத்தித் தண்ணி கட்டியிருக்கு. ஊசி போட்டு எடுக்கணும். அதுலயும் ஆபத்து உண்டு. எடுக்கலைன்னா தாங்காது."

"எடுங்க தாயி."

போனில் பெரிய டாக்டர் சிவசங்கர், "காவிரிப் பாலத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். நீங்களே பண்ணிடுங்க," என்றார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

ஊசி வெளியே வந்ததைப் பார்த்து ஸ்ரீரங்கராஜன் பதறிப்போய் அறிவிப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"சார், போதும். அந்த ஜன்னல் திரையை மூடிட்டு லைட்டை அணைங்க. படம் தெளிவாத் தெரியணும்."

அவர் செய்தார். அறை இருண்டதும் திரை துலங்கியது. ஒரு கை ப்ரோப்பை அசையாமல் பிடிக்க, இன்னொரு கை ஊசியை நகர்த்தியது. அதன் முனை வெள்ளைப் பொட்டாகத் திரைக்குள் வந்து, கறுப்புப் பட்டையைத் தொட்டு நின்றது. சிரிஞ்சில் வைக்கோல் நிறத்தில் தண்ணீர் ஏறியது. பிறகு சிறிய குழாய் ஒன்று, அதன் முனையில் ஒரு பை.

"அறுபத்தஞ்சு," என்றாள் லூர்துராணி மானிட்டரைப் பார்த்து. கொஞ்சம் பொறுத்து, "எண்பது." பிறகு அவள் குரலே மாறியது. "நூத்தி நாலு, டாக்டர்."

ரெங்கராஜ் கண்ணைத் திறந்தார். "கரண்டு போயிடுச்சா?" என்றார்.

மாரியாயி அழுதாள். ஸ்ரீரங்கராஜன் சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேடினார். முதலில் ஃபேன்தான் சுற்றியது.

சாயங்கால டியூட்டிக்கு டாக்டர் கலையரசன் வந்தார். செல்லக்கிளி குழாயையும் பையையும் காட்டினார். தண்ணீர் மறுபடி கட்டினால் பிரஷர் சொல்வதற்கு முன்னால் படம் சொல்லும், அடிக்கடி பாருங்கள் என்றார். சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய கலையரசன், "நீங்க பார்த்த இடம் எதுங்க?" என்றார்.

செல்லக்கிளி ப்ரோப்பை அவர் கையில் கொடுத்து, கையோடு சேர்த்துப் பிடித்துக் குழியில் வைத்து, கொஞ்சம் சாய்த்தார். திரையில் இதயத்தின் நாலு அறையும் தெரிந்தன.

"இப்ப நல்லா விரியுது, பாருங்க," என்று தன் கையை எடுத்துக்கொண்டார்.