இலக்கங்கள் மட்டும் விளங்கிய பக்கம்

போன கிழமை என் பழைய இணையத்தளத்தின் டொமைன் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சலை மகள் பார்த்துவிட்டாள். அப்பா வருடாவருடம் எதற்குப் பணம் கட்டுகிறார் என்று அந்தத் தளத்தைத் தன் போனில் திறந்தாள். "அப்பா, உது சும்மா ஜங்க் மாதிரிக் கிடக்கு. டிலீட் பண்ணுவமா?" என்றாள். நான் கத்திவிட்டேன். பிள்ளை பாவம், திகைத்துப்போனாள். அதே சொல்லை வேறொருவன் எனக்குச் சொல்லி இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. அவன்மேல் இன்னும் ஆறாத கோபம் இவள் தலையில் விழுந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. யாழ்ப்பாணத்துச் சனம் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டு, யார் எங்கே என்று தெரியாமல் சிதறிக் கிடந்த காலம். நான் புலம்பெயர்ந்து வந்து, ரெக்ஸ்டேலில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. லைப்ரரிப் புத்தகம் ஒன்றைப் பார்த்து இணையப் பக்கம் செய்யப் பழகினேன். முதலில் போட்டது என் படத்தைத்தான். அதற்குக் கீழே சுடர் ஆடும் குத்துவிளக்கு ஒன்று. பார்க்க வந்தவர்கள் நானும், திரும்பவும் நானும்.

பார்க்டேலில் பலசரக்குக் கடை வைத்திருந்த மணியண்ணைதான் வழிக்குக் கொண்டுவந்தார். "உன்ரை மூஞ்சையை ஆர் தேடினம்? தேடுற ஆக்களின்ரை பேரைப் போடன்."

அப்படித் தொடங்கியது அந்தப் பக்கம். கடைக்கு வருபவர்கள் தாங்கள் தேடும் ஆளின் பெயர், ஊர், கடைசியாகக் கண்ட இடம், தங்கள் தொலைபேசி இலக்கம் எல்லாம் துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். நான் ஏற்றுவேன். சனிக்கிழமைகளில் அதை அச்சடித்து, கடைக் கண்ணாடியில் போன்கார்ட் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். கொம்பியூட்டர் இல்லாத சனம் மரக்கறிப் பையோடு நின்று வாசிக்கும். முதல் வரி புஷ்பா அன்ரியுடையது. தன் தம்பியைத் தேடினார்.

"ஜேர்மனி, சுவிஸ் எல்லாம் உதைப் பாப்பினமோ தம்பி?"

"உலகம் முழுக்கப் பாக்கும் அன்ரி."

என்ன வீறாப்பு எனக்கு!

ஒருநாள் காலை பக்கத்தைக் காணவில்லை. அந்த நாளில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் தனியாக ஓர் எழுத்துரு இருந்தது. அதை இறக்கி வைத்திராதவர் திறந்தால் தமிழே தெரியாது. கொக்கியும் கேள்விக்குறியும், தலையில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளும்தான் தெரியும். இலவசமாக இடம் தந்த கம்பனியில் எவனோ அதைத் திறந்து பார்த்து, அர்த்தமில்லாத ஜங்க், வெறும் குப்பை என்று அழித்துவிட்டான். நான் மூன்று முறை எழுதிக் கேட்ட பிறகு இரண்டு வரியில் வந்த பதில் அது. பிரதி அவர்களிடமும் இல்லையாம்.

எழுத்து விளங்கவில்லை, சரி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் தொலைபேசி இலக்கம் இருந்ததே! இலக்கம் யாருக்கும் விளங்கும்தானே? குப்பைக்கு யாராவது இலக்கம் போடுவார்களா? ஒன்றை அடித்து, இது என்னவென்று ஒரு வார்த்தை கேட்க அவனுக்கு விரல் இல்லையா? இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

என்மேலும் கோபம்தான். அந்தக் கம்பனியின் தளத்துப் பெட்டிக்குள்ளேயே நேராகத் தட்டச்சு செய்து வந்தேன். ஒரு பிளொப்பித் தட்டில்கூடப் பதிந்து வைக்கவில்லை. என் கொம்பியூட்டரைக் கிண்டிக் கிளறியதில் மிஞ்சிக் கிடந்தது குத்துவிளக்கு மட்டும். வெட்கமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

கடையில் புஷ்பா அன்ரி கேட்டார்: "அவன் இண்டைக்கெண்டு வந்து பாத்தால் என்ன செய்யிறது தம்பி?"

மணியண்ணை மேசை லாச்சியை இழுத்தார். கண்ணாடியிலிருந்து கழற்றிய தாள்கள் அத்தனையும் உள்ளே இருந்தன. முன்பக்கம் பெயர்கள், பின்பக்கம் அவருடைய சாமான் ஓடர். "நல்ல பேப்பரை ஆரும் எறிவினமோ?" என்றார். இரண்டு கிழமை இருந்து ஒவ்வொரு வரியாகத் திரும்ப அடித்தேன். தாளெல்லாம் கருவாட்டு மணம். இன்றைக்கும் கருவாடு மணக்கும்போது எனக்குப் பசி வராது, பெயர்கள்தான் வரும்.

இனி எவன் தயவும் வேண்டாம் என்று சொந்த டொமைன் எடுத்தேன். இருந்ததிலேயே மலிவான இடம், மாதத்துக்கு ஒரு போன்கார்ட் விலை. படமில்லை, விளக்கில்லை, வெறும் எழுத்து. உச்சியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: இவை மனிதர்களின் பெயர்கள். மகள் போனில் அதைக் கவனிக்காமல் கீழே இழுத்திருக்கிறாள். பிரதி ஒன்று பிளொப்பியில், ஒன்று அண்ணையின் லாச்சியில்.

சிலர் கிடைத்தார்கள். வரியை எடுத்துவிடச் சொல்லிப் போன் வரும். அதைவிடச் சந்தோஷமாக நான் எதையும் அழித்ததில்லை. அன்ரியின் வரி மட்டும் அப்படியே இருந்தது. மகனோடு விட்பி என்ற ஊருக்குக் குடிபோன அன்றே அவர் எனக்குப் போன் எடுத்தார். "முதல்ல நம்பரை மாத்து தம்பி. வீடு பாக்கப் பிறகு வாவன்."

அந்தக் கடை இப்போது கோப்பிக் கடை. மணியண்ணை இல்லை. அந்த எழுத்துருவை எந்தப் போனுக்கும் தெரியாது. அன்ரியும் போய்விட்டார்.

நேற்று மகளும் நானும் இருந்து பெயர்களை இன்றைய எழுத்துக்கு மாற்றினோம். தமிழ் எழுத்துத் தெரியாத அவளுக்கு வாசிக்க முடிந்தது இலக்கங்களை மட்டும்தான். முதல் வரியில் விரலை வைத்தாள். "அப்பா, இது உங்கடை நம்பரெல்லோ?"

"ஓம். அன்ரி செத்த பிறகு மாத்தினனான்."

"அதுதான் தெரியாத நம்பர் எல்லாத்தையும் எடுக்கிறீங்களோ?"

அதற்குத்தான். இதுவரை வந்ததெல்லாம் வீட்டுக் காற்றுக்குழாய் துப்புரவாக்கவா என்று கேட்கும் அழைப்புகள். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் தமிழில்தான் கேட்கிறேன், ஆர் கதைக்கிறது என்று.