நஞ்சன்கூட்டுப் பொங்கல்

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். பால் பொங்கி வரும்வரை அடுப்படியில் சும்மா நிற்பதற்குள் எனக்கு எரிச்சல் வந்துவிடும். என் வீட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. மைசூர் ரயில் நிலையத்தில் சரக்கு ஆபீஸில் வேலை பார்த்தார். வண்டி வரத் தாமதமானால் வியாபாரிகள் அவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். வரும், வரும் என்று கன்னடத்தில் சிரித்தபடி சொல்லி அனுப்புவார். வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாதபோது நான் சாமியோடு சண்டை போட்டேன். அவர் விபூதி பூசிக்கொண்டு வேலைக்குப் போனார். பிறகு ஒரே ஒரு பெண் பிறந்தாள்.

அவளுக்கு ஆறு வயதில் அந்தக் காய்ச்சல் வந்தது. மகாராஜா காலம். தசரா முடிந்து ஊரே ஓய்ந்து கிடந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அது இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கு வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, டைபாய்டு என்றார். குடலில் புண் இருக்கிறது, நனைந்த காகிதம் மாதிரி ஆகியிருக்கும், ஒரு பருக்கை சோறு போனாலும் கிழிந்துவிடலாம் என்று விளக்கினார். மருந்து என்ன என்று கேட்டேன். காத்திருப்பதுதான் மருந்து, இதற்கு வேறொன்றும் இன்னும் வரவில்லை என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன்.

ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் ரயில்வே குடியிருப்பில் கடைசி வீட்டுப் பையனுக்கும் முந்தின வருஷம் இதே காய்ச்சல். கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. பாவம், பசிக்கிறது என்கிறானே என்று அவன் அம்மா ஓர் இட்லி கொடுத்தாள். மறுநாள் துக்கம் கேட்க அந்த வீட்டு வாசலில் நானும் போய் நின்றேன்.

அதனால் பார்லித் தண்ணீர், மோர்த் தெளிவு, வடிகட்டிய சாத்துக்குடிச் சாறு. அவ்வளவுதான். வாசனை வந்தால் அவளுக்கு ஏங்குமே என்று நான் வீட்டில் தாளிப்பதையே நிறுத்தினேன். அவள் அடம் பிடிக்கவில்லை. அடம் பிடித்திருந்தால் தேவலை. மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, தோசை, உப்பிட்டு, தயிர் சாதம், முறுக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு கிடப்பாள். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்து தூங்கிவிடுவாள்.

நான் விளக்கேற்றும் நேரமெல்லாம் சாமியைத் திட்டினேன். கொடுக்க மனமில்லாதவன் ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். உண்டு என்றாவது இல்லை என்றாவது சொல்லித் தொலை என்றேன். சாமி கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் திட்டவில்லை. ஆனால் நாளாக ஆக அவர் ஆட்டம் காண்பது எனக்குத் தெரிந்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் குழந்தையின் நெற்றியைத் தொடுவார். தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார். நாம் கேட்கிற விதத்தில்தான் ஏதோ குறை இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். மறுநாள் லீவு போட்டுவிட்டு, முதல் வண்டியில் நஞ்சன்கூட்டுக்குக் கிளம்பினார்.

நஞ்சன்கூட்டுச் சாமி எங்கள் பக்கத்தில் நோய் தீர்க்கிறவர். நஞ்சையே உண்டவருக்கு ஒரு காய்ச்சல் எம்மாத்திரம் என்பார்கள். இவர் அங்கே கபிலை ஆற்றில் முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு கோயிலைச் சுற்றி உருண்டிருக்கிறார். சாயங்கால வண்டியில் திரும்பி வந்தபோது இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்திருந்தது. கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம். முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு தெளிவு.

"கேட்ட வாய் மூடலை, சாமிக்கு வலப்பக்கம் பூ விழுந்துச்சு. அர்ச்சகரே கண்ணுல ஒத்திக்கிட்டார். இந்தப் பொங்கல்ல ஒரு வாய் குடுத்தாப் போதும்னாரு" என்றார்.

வலப்பக்கம் பூ விழுந்தால் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். இத்தனை நாள் வாய் திறக்காத சாமி பேசிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அழுகையும் வந்தது. அதற்குள் பொட்டலத்தின் நெய் வாசனை அறை முழுக்கப் பரவிவிட்டது. கண்ணை மூடிக் கிடந்த குழந்தை, "அப்பா, பொங்கலா?" என்று கேட்டு வாயைத் திறந்தாள்.

திறந்த அந்த வாயைப் பார்த்ததும் எனக்குக் கடைசி வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது.

"பூ, காய்ச்சல் எறங்கும்னு சொல்லிச்சா, சோறு ஊட்டச் சொல்லிச்சா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் கன்னடக்காரி. அவர் வந்த சத்தம் கேட்டு வாசற்படிக்கு வந்திருந்தாள். "தேவர பிரசாத, பேட அன்னபாரது" என்றாள், சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லலாகாது என்று. நல்ல மனசோடுதான் சொன்னாள். இவர் ஒரு விரலில் கொஞ்சம் எடுத்துவிட்டார்.

"இத்தனை நாளா அவரு நம்மளக் காக்க வச்சாருல்ல? இப்ப கொஞ்ச நாள் அவரு காத்திருக்கட்டும்" என்று சொல்லிப் பொட்டலத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

பிடுங்கிவிட்டேனே தவிர, அதை என்ன செய்வது? கீழே போட முடியாது. உள்ளே வைத்தால், நான் கிணற்றடிக்குப் போகும் நேரத்தில் பாசத்தில் யாராவது ஒரு வாய் கொடுத்துவிடுவார்கள். குழந்தையின் கண்ணில் ஒற்றினேன். பிறகு அங்கேயே, கட்டிலருகில் நின்றபடி, முழுவதையும் நானே தின்றேன். பாவம் வந்தால் என் தலையில் விடியட்டும் என்று நினைத்தேன். குழந்தை திறந்த வாயை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாளாக நானும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. அந்தப் பொங்கல் ருசியாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு ருசி தெரிந்ததை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

காய்ச்சல் இறங்கவில்லை. அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு இன்னும் ஏறியது. ஈரத்துணி போட்டுப் போட்டு என் கை மரத்துவிட்டது. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் தண்ணீர் எடுக்க வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

எனக்குச் சாமியோடு சண்டை போடவும் வாய் இல்லாமல் போயிற்று. எவர் சோற்றைக் குழந்தைக்குக் கொடுக்காமல் பிடுங்கினேனோ, அவரிடமே போய்க் குழந்தையைக் கேட்க வேண்டும். எந்த முகத்தோடு கேட்பது? ஆனாலும் வேறு யாரிடம் போவேன்? உன் சோற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்று தினமும் விளக்கின் முன்னால் சொன்னேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நம்பிக்கை இருந்தால் மனசு நிம்மதியாக இருக்கும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை. பயத்தோடுதான் மோரைத் தெளிய வைத்தேன், பார்லியை வடிகட்டினேன். சாமி பார்த்துக்கொள்வார் என்று ஒரு நேரம் தோன்றும். நானே கொன்றுவிட்டேன் என்று அடுத்த நேரம் தோன்றும். குழந்தை தின்பண்டத்தின் பெயர்களைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் விடியற்காலையில் அவள் நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. தலையணை முழுக்க ஈரம். போய்விட்டாள் என்று நினைத்து நான் போட்ட சத்தத்தில் அவர் விழுந்தடித்து ஓடி வந்தார். அவள் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். டாக்டர் வந்து பார்த்துக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றார். உடனே, சோறு இப்போது கூடாது, இன்னும் காத்திருக்க வேண்டும் என்றார். அந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

குழைந்த சோற்றை மோர் விட்டுப் பிசைந்து கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து குழந்தைக்கு விபூதி பூசினார். அவரே ஊட்டுவார் என்று நான் கிண்ணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீயே ஊட்டு" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய பேச்சு.

கொஞ்சமாக எடுத்து அவள் வாயருகில் கொண்டுபோனேன். அவள் வாயைத் திறக்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள்.

"இது எனக்குத்தானே? நீ சாப்பிட்டுட மாட்டியே, அம்மா?"

அவர் சட்டென்று எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். மாட்டேன் கண்ணு என்று நான் சொன்ன பிறகும், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் காய்ச்சலைப் பற்றி ஒன்றும் ஞாபகமில்லை என்கிறாள். நீயும் உட்காரேன் அம்மா, ஏன் எப்போதும் எங்களுக்குப் பிறகே சாப்பிடுகிறாய் என்று கோபித்துக்கொள்கிறாள். பழகிவிட்டது என்று சொல்லி வைக்கிறேன். அவள் சாப்பிட்டுக் கை கழுவாமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.