மடக்கிய கை

‘தலையாட்டி’ என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, தெரியாது. வார்டு மெம்பராக இருந்த காலத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டது என்றாலும் தலையாட்டுவார், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் தலையாட்டுவார். பிறகு வேலை நடந்துவிடும், அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்காரி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டு, வந்தவர்கள் போனபின் அவர் தன் உதட்டைப் பார்க்கும்படி எதிரே நின்று நிதானமாக எடுத்துச் சொல்வாள். மனிதருக்குக் காது கேட்காது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கடற்படைக் கப்பலின் எஞ்சின் அறை தின்றுவிட்ட காது அது. அங்கே பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் விழாது. எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் வேகத்தைக் குறை, விரல்களை மடக்கி முஷ்டி பிடித்தால் நிறுத்து. பார்த்தவன் அதே ஜாடையைத் திருப்பிக் காட்ட வேண்டும். அவன் காட்டுகிறவரை சொன்னவன் கையை இறக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் இதையெல்லாம் அவர் விளையாட்டாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். தையல் மிஷின் ஓடும் சத்தத்தில் அவளுக்கும் அது தோதாக இருந்தது.

ஊர் சிரித்த கதை ஒன்று உண்டு. நகராட்சிக் கூட்டத்தில் யாரோ எதையோ வாசிக்க, இவர் வழக்கம்போல் தலையாட்டிவிட்டார். வாசித்தது அவர் வார்டு மருந்தகத்தை மூடும் தீர்மானம். சொந்த வார்டுக்கே குழி பறித்த மெம்பர் என்று தெருவே வாசலில் வந்து நின்றது. அவர் கூனிக் குறுகிப்போனார்.

“அடுத்த கூட்டத்துக்கு நானும் வர்றேன். என் கையப் பாத்துக்கிட்டே இருங்க, போதும்” என்றாள் அவள்.

அன்றிலிருந்து பார்வையாளர் வரிசையில் மடியில் தைக்கிற துணியோடு உட்கார்ந்திருப்பாள். அவள் முஷ்டி பிடித்தால் இவர் மேசைக்கு மேல் பதில் முஷ்டி காட்டிவிட்டு எழுந்து, “வேண்டாம்” என்பார். தீர்மானம் மறுபடி கூட்டத்துக்கு வந்தபோது அப்படித்தான் மருந்தகம் பிழைத்தது. இவரைப் பெரிய வீரர் என்றார்கள். பேர் வாங்கியது ஒருவர், பேசியது இன்னொருவர், என்னத்தைச் சொல்ல.

இப்போது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். நுரையீரல் விட்டுப்போயிற்று. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டிருந்ததால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் அவருக்கு வழியில்லை. டாக்டரம்மா அவருக்கு நேராக நின்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“தொண்டையில குழாய் போட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஆனா மயக்கத்துலயேதான் வெச்சிருக்கணும், அப்புறம் நினைவு திரும்பாது. நீங்கதான் சொல்லணும்.”

வெளியூரிலிருந்து ஓடிவந்த மகள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “போடச் சொல்லுங்கப்பா. தலையாட்டுங்கப்பா.”

தலையாட்டத்தான் அவருக்கும் ஆசை. கொஞ்ச நாள் என்றால் கொஞ்ச நாள், அவள் இருந்தால் போதும் அவருக்கு. அப்போதுதான் கட்டிலிலிருந்து அவள் கை எழுந்தது. விரல்கள் மடங்கின.

அவர் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போர்வையைச் சரிசெய்தார். “அம்மாவுக்குக் கை வலிக்குதுபோல” என்று மகள் அந்தக் கையைப் பிடித்து மெத்தையில் வைத்தாள். அது மறுபடி எழுந்தது. இறங்கவில்லை.

“கையக் கீழ போடு, பிடிவாதக்காரி” என்றார். அவள் எப்படிப் போடுவாள்? அந்தப் பாழாய்ப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே.

அவர் மெல்லக் கையைத் தூக்கினார். விரல்கள் மடங்க மறுத்தன. மற்றக் கையால் பிடித்து மடக்கினார். அவள் அதைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் கையை இறக்கினாள்.

“வேண்டாம்” என்றார் டாக்டரம்மாவிடம்.

மகள் அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏன் வேண்டாமென்றார் என்று அடித்து அடித்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். சட்டை நனைந்ததுதான் அவருக்குத் தெரிந்தது. அவள் முகத்தை மெதுவாக நிமிர்த்தினார்.

“என்னப் பாத்துச் சொல்லும்மா. எனக்குக் காது கேக்காது. இத்தன நாளும் உங்கம்மாதான் கேட்டுச் சொன்னா.”