ஆளுக்குப் பதில் அரிசி

அன்று கராஜில் நான்கு பேர் இருந்தோம். முதலாவது என் சிநேகிதன். கார் அவனுடையது. இரண்டாவது அவன் மனைவி. அவள் அதற்கு முன் ஒருநாளும் கராஜுக்கு வந்ததில்லை. மூன்றாவது முதலாளி. காயல்பட்டினத்துக்காரர், பாய் என்றுதான் கூப்பிடுவோம். நாலாவது நான். கார்ச் சில்லு நேராக்குவது, வீல் அலைன்மென்ட், என் வேலை.

இன்னும் எட்டு அரிசிப் பையும் இருந்தன. அவற்றை ஆள் கணக்கில் சேர்க்கலாமோ தெரியாது. ஆளுக்குப் பதிலாகத்தான் வைத்திருந்தேன்.

கராஜ் லிட்கமில். பத்தொன்பது வருடமாக அங்கே நிற்கிறேன். ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. இந்த வேலைக்கு எண் வாசிக்கத் தெரிந்தால் போதும். காரை மேடையில் ஏற்றுவேன். நான்கு சில்லிலும் தட்டுப் பூட்டுவேன். முன்னால் உள்ள கமரா அந்தத் தட்டுகளைப் பார்த்துத் திரையில் எண் போடும். பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால் சரியில்லை.

புதிய காருக்கு அவ்வளவுதான். பழைய காருக்கு அது காணாது. அதன் ஸ்பிரிங் மெத்தென்று இருக்கும். ஆள் ஏறினால் அந்தப் பக்கம் பதியும். பதிந்தால் சில்லின் சாய்வு மாறும். அதனால் ஓட்டுகிறவரின் எடையைச் சீற்றில் வைத்துவிட்டுத்தான் எண் பார்க்க வேண்டும். வேறு இடங்களில் மணல் மூட்டை வைப்பார்கள். எனக்கு இரண்டு கடை தள்ளி இருக்கும் பலசரக்குக் கடையில் வண்டு பிடித்த அரிசியைச் சும்மா தந்தார்கள். பத்துக் கிலோப் பைகள். ஆளைப் பார்த்தவுடன் எத்தனை பை என்று சொல்லிவிடுவேன். அலுமாரிக் கதவின் உள்பக்கம் எழுதியும் வைத்திருக்கிறேன். சிநேகிதனுக்கு எட்டு.

கார் எழுபதுகளில், நாங்கள் குடியேறிய இந்த நாட்டிலேயே செய்தது. மஞ்சள். இரண்டு கதவு, வி-எட்டு எஞ்சின். பவர் ஸ்டியரிங் இல்லை. கிளச் கல்லு மாதிரி. மீற்றர் மைல் கணக்கு. அவன் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, மெரிலேண்ட்ஸ் வீட்டுப் பின்புறத்தில் வைத்து அதைப் பதினொரு வருடம் திருத்தினான். கறள் பிடித்த தகரத்தை வெட்டி, தகடு ஒட்டி, ஒவ்வொரு ஆணியாக.

வாங்கிய வருடம் அவனுடைய அண்ணர், ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டிய தூரத்தில் இருக்கும் மல்கிரேவிலிருந்து வந்து பார்த்தார். அவர் எஞ்சினியர். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இது மெரிலேண்ட்ஸ் சந்தி தாண்டாது" என்றார். "கோழி அடைக்கலாம்."

"உங்கடை வாசல்ல கொண்டுவந்து நிப்பாட்டுறன் அண்ணை. நானே ஓடி."

"கோழியோடயோ?"

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் அந்தச் சொல்லை அவன் விடவில்லை. பதினொரு வருடமும் ஏதாவது உடைந்து கைவிடுகிற மாதிரி வந்தால், "அண்ணற்றை வாசல் கிடக்கு" என்பான். பிறகு ஸ்பானரை எடுப்பான்.

கார் முடிந்தது. நான் எட்டுப் பை வைத்துச் சில்லு நேராக்கிக் கொடுத்தேன். குளிர் தொடங்கியிருந்தது. ஒரு கிழமையில் திரும்பி வந்தான்.

"வலப்பக்கம் இழுக்குது மச்சான்."

நான் ஓட்டிப் பார்த்தேன். இழுக்கவில்லை. மேடையில் ஏற்றினேன். பச்சை. போய்விட்டான். பத்து நாளில் மறுபடி வந்தான்.

"இழுக்குது. எதிர்க்கார் பக்கமா இழுக்குது. கை நோகுது பிடிச்சு."

மறுபடி ஓட்டினேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். கார் நேராகப் போனது. ரயர்களை இடம் மாற்றிப் போட்டேன். போய்விட்டான். மூன்றாவது முறை மனைவியோடு வந்தான். அந்த நாளைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

பாய் தேநீரோடு வந்து நின்றார்.

"ஏம்ப்பா, மூணாவது தடவையா ஏத்துற? இதுக்கு ஒட்டகம் வாங்கியிருக்கலாம். சொன்ன பக்கம் போகும்."

"அதுக்கும் நாலு காலிலயும் தட்டுப் பூட்டி நீங்கள் காசு வாங்குவியள் பாய்" என்றான் சிநேகிதன்.

நான் எட்டுப் பையையும் சீற்றில் அடுக்கினேன். பச்சை.

"மெஷின் பொய் சொல்லாது" என்றார் பாய். பிறகு கொஞ்சம் யோசித்தார். "அரிசிய இறக்கு. ஆளையே ஏத்திப் பாரு."

இறக்கினேன். அவன் ஏறி இருந்தான். வலது முன்சில்லு சிவப்புக் காட்டியது.

தட்டுச் சரியாகப் பூட்டவில்லை என்று நினைத்தேன். கழற்றிப் பூட்டினேன். சிவப்பு. அவனை இறக்கி எட்டுப் பையை வைத்தேன். பச்சை. ஒரு பையை எடுத்தேன். பிறகு இன்னொன்றை. எண் அசைந்துகொண்டு வந்தது. மூன்றாவதையும் எடுத்தபோது, அவன் இருந்தபோது காட்டிய அதே எண் வந்து நின்றது.

சீற்றில் ஐந்து பை இருந்தன.

பாய் திரையைப் பார்த்தார். பிறகு தேநீரைப் பார்த்தார். உள்ளே போய் ரேடியோவை நிறுத்தினார்.

அவன் இரண்டு சுவெற்றரும் அதற்கு மேல் தடித்த ஜாக்கெட்டும் போட்டிருந்தான். குளிர்காலத்தில் எல்லோரும் அப்படித்தான். மாசி மாதம் ஒருமுறை, "மெலிஞ்சிட்டாய், நல்லது" என்று அவனுக்குச் சொல்லியிருந்தேன். "சீனி வருத்தம் மச்சான், நடக்கிறன்" என்றான். எங்கள் ஆட்கள் உடம்புக்கு எந்த வருத்தம் வந்தாலும் முதலில் சீனி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அது தெரிந்தும் கேட்டுவிட்டுப் போய்விட்டேன். ஆளைப் பார்த்து எடை சொல்கிறவன் நான். அவனை மட்டும் பார்க்காமல் அலுமாரிக் கதவைப் பார்த்துப் பை வைத்திருக்கிறேன்.

அவன் மனைவி வாசலுக்குப் போனாள். நானும் போனேன்.

"ஈரல்ல கான்சர் அண்ணா" என்றாள். "மற்ற இடத்துக்கும் பரவீட்டுது. மருந்து நிப்பாட்டிட்டினம்."

"எப்ப தெரியும்?"

"தையில."

"எனக்குச் சொல்லேல்லை."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இவற்றை அண்ணருக்கும் சொல்லேல்லை. சொன்னா அவர் பிளேன்ல வந்து நிப்பாராம். தான் முதல்ல காரை ஓடிக்கொண்டு போகவேணுமாம். போய் நிண்டுதான் சொல்லுவாராம்."

"டொக்டர் கார் ஓடலாம் எண்டவரோ?"

"நோவுக்குக் குடுத்த மாத்திரை எடுத்தா ஓடக்கூடாதாம். அண்டைக்கு எடுக்கமாட்டாராம்."

உள்ளே வந்தேன்.

"கதைச்சு முடிஞ்சுதோ?" என்றான் அவன்.

"ஓம்."

"அப்ப வேலையைப் பார். அரிசி வேண்டாம். நானே இருக்கிறன்."

மறுபடி ஏறி இருந்தான். அந்தக் காரில் சில்லின் சாய்வை மாற்ற மெல்லிய தகடு வைக்க வேண்டும். பொனற்றைத் திறந்து, சில்லைத் தாங்கும் மேல் கையின் இரண்டு ஆணியையும் இளக்கி, தகடு வைத்து, இறுக்கி, எண் பார்க்க வேண்டும். அரை மணித்தியால வேலை. நான் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தேன். அந்த இழுவை சின்னது. வருத்தத்துக்கு முந்திய கை என்றால் அவனுக்குத் தெரிந்தே இருக்காது. இப்போது இருக்கிற கைக்கு அது பெரிய பாரம். அதனால் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் வைக்கப் பார்த்தேன். என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

பச்சை வந்தபோது அவனுக்குச் சொல்ல நிமிர்ந்தேன். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி நித்திரையாகிவிட்டான்.

எழுப்பவில்லை. அலுமாரிக் கதவில் இருந்த எட்டையும் அழிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை வெளிக்கிட்டோம். அவன் மஞ்சள் காரில் தனியே. மனைவி தங்கள் கிளச் இல்லாத ஓட்டோ கியர் காரில் பின்னால். அவளுக்கு மஞ்சள் கார் ஓடத் தெரியாது, கிளச் பழக்கமில்லை. அதனால் என்னையும் வரச் சொன்னாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். மாத்திரைப் பெட்டி என் மடியில்.

வெளிக்கிட முன் அவன் சின்ன மைல் மீற்றரைச் சைபருக்குத் திருப்பினான். அதை எனக்குக் காட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்தினான்.

நெடுஞ்சாலையில் நான் வேறொன்றும் பார்க்கவில்லை. அவன் சில்லுகளைத்தான் பார்த்தேன். கோடு கீறியது போலப் போயின. கோல்பேர்ன் தாண்டினான். லொறி உரசுகிற மாதிரி முந்திப் போனபோதும் அசையவில்லை.

"நேர போகுது என்ன அண்ணா?" என்றாள் அவள்.

"ஓம்."

"உங்களுக்குச் சந்தோசமா இருக்கும்."

எனக்கு மாத்திரைப் பெட்டியின் பாரம்தான் தெரிந்தது.

யாஸ் தாண்டிச் சற்றுத் தூரத்தில் இடப்பக்க விளக்கைப் போட்டான். மெதுவாக ஓரம் கட்டினான். நான் இறங்கி ஓடினேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. அந்தக் குளிரிலும் கழுத்து வேர்த்திருந்தது.

"கார்ல பிழை இல்லை மச்சான்" என்றான். "நேரதான் போகுது. எனக்குத்தான் ஏலாமக் கிடக்கு."

மனைவி மாத்திரை கொடுத்தாள். விழுங்கினான். விழுங்கினால் இனி ஓட முடியாது என்று மூன்று பேருக்கும் தெரியும். சின்ன மீற்றரில் நூற்றறுபது மைல் காட்டியது.

"திரும்புவமோ?" என்றேன்.

"முன்னுக்குப் போ."

அவனைத் தூக்கி மஞ்சள் காரின் பின் சீற்றில் படுக்க வைத்தோம். தூக்கியபோது பாரம் தெரிந்தது. அதை எழுத வேண்டாம். அவள் தலையணை வைத்துவிட்டுத் தன் காருக்குப் போனாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

என் எடை எண்பத்தாறு. கார் ஐம்பதுக்கு வைத்தது. வெளிக்கிட்ட உடனேயே இடப்பக்கம் இழுத்தது. பெரிதாக இல்லை. ஆனால் விடாமல் இழுத்தது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் ஓரத்துக் கோட்டைத் தேடிப் போகும். வலது பக்கமாகப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். கண்டகாய் வந்தது. அல்பரி வந்தது. தோள் மரத்துவிட்டது.

"இழுக்குதோ?" பின்னாலிருந்து குரல் வந்தது.

"இல்லை."

"பொய் சொல்லுறாய்."

"நேர போகுது. நீ படு."

நான் மறுபடி வலது பக்கமாகப் பிடித்தேன்.

"நீ நல்லாத்தான் செய்து தந்தனி" என்றான்.

நான் கண்ணாடியில் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கோடு விலகிவிடும்.

மல்கிரேவ் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. இன்னும் வெளிச்சம் இருந்தது. அண்ணரின் தெருவுக்கு முதல் தெருவில், "நிப்பாட்டு" என்றான். "இனி நான்."

நிறுத்தினேன். மனைவி பின்னால் நிறுத்திவிட்டு வந்தாள். வேண்டாம் என்று வாய் எடுத்தாள். பிறகு அவளே கதவைத் திறந்துவிட்டாள். பிடித்து முன்னுக்கு இருத்தினோம். நான் இடப்பக்கம் ஏறினேன். எஞ்சின் ஓடவில்லை. பிரேக் போட்டிருந்தது. மாத்திரை எடுத்தவன் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் தடுக்கவில்லை.

அவன் இடது காலைக் கிளச்சில் வைத்து அழுத்தினான். பாதி போனது. திரும்ப வந்தது. ஆசனத்தின் விளிம்புக்கு வந்து மறுபடி அழுத்தினான். பாதி. மூன்றாவது முறை அழுத்தியபோது நான் வெளியே பார்த்தேன். யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள்.

"சரி" என்றான்.

இடம் மாறினோம். அவன் இடது சீற்றில் இருந்து ஜாக்கெட்டின் கழுத்தைச் சரி செய்தான். மனைவி அவன் தலையைக் கையால் வாரிவிட்டாள். நான் அண்ணரின் வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அண்ணர் சாரமும் ஜாக்கெட்டுமாக வாசலுக்கு வந்தார். சத்தம் கேட்டே வந்திருப்பார். முதலில் காரைத்தான் பார்த்தார். பொனற்றில் கையை வைத்தார்.

"வந்திட்டுதே" என்றார். "அப்ப கோழி எங்கை?"

"வழியில சாப்பிட்டிட்டம் அண்ணை" என்றான் அவன்.

அவர் சிரித்துக்கொண்டு இடப்பக்கம் வந்தார். "நீயோ ஓடினனி?"

அவன் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"இவன்தான் அண்ணை ஓடினவன்" என்றேன். "நான் இப்ப கடைசியிலதான் கொஞ்சம் பிடிச்சனான்."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். தம்பியின் முகத்தை. பிறகு ஜாக்கெட்டுக்குள் இருந்து வந்த கையை. சிரிப்பு அப்படியே நின்றது. கதவைத் திறந்து, தம்பியின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினார். அந்தப் பாரம் அவருக்கும் தெரிந்திருக்கும். மனைவி மறுபக்கம் பிடித்தாள். மூன்று பேருமாக உள்ளே போனார்கள்.

நான் பயணப் பையை இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"தம்பி, உண்மையைச் சொல்லும். நீர் எவ்வளவு தூரம் ஓடினீர்?"

"கொஞ்சம்தான் அண்ணை."

அவர் போனபின் சாவியை எடுக்கக் காருக்குள் குனிந்தேன். சின்ன மீற்றரில் ஐந்நூற்று முப்பத்தொன்று நின்றது. அதில் அவனுடையது நூற்றறுபது.

என்னுடையது முந்நூற்று எழுபத்தொரு மைல்.