வெள்ளியின் மேகமும் ஒரு சந்தனப் பொட்டும்

தாராவியில் எங்கள் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று முடிவாகிவிட்டது. மறுநாள் காலை சாவியைக் கொடுத்துவிட்டு மான்குர்த் போக வேண்டும். அங்கே பார்த்திருந்த வாடகை அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். வெள்ளிக் கிரகத்தின் மேகங்களைப் படம் பிடிக்க எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

வெள்ளி சரியான அழுத்தக்காரி. சாதாரண ஒளியில் எத்தனை படம் எடுத்தாலும் வெள்ளை வெளேரென்று சும்மா இருப்பாள். அகச்சிவப்பிலும் பெரிதாக எதையும் காட்டமாட்டாள். புற ஊதாவில்தான் மேகம் தெரியும். அதற்கான ஃபில்டர் நம் கண்ணுக்கு வெறும் கறுப்புக் கண்ணாடி. அதைத் தொலைநோக்கியில் பொருத்துகிற கேமராவின் முகத்தில் மாட்ட வேண்டும். பை தைக்கிற எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று என் கணவர் கேட்காத நாளில்லை.

சூரியன் மறைந்ததும் மாடியில் தொலைநோக்கியை நிறுத்தினேன். மேற்கே, புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடிக்குச் சற்று மேலே வெள்ளி. லேப்டாப் திரையில் அதன் நடுவே ஒரு கரும்படலம்! “மேகம், மேகம்” என்று கத்தினேன். அவர் ஓடி வந்தார். காட்டுகிற அவசரத்தில் என் கை இடித்துத் தொலைநோக்கி அசைந்தது. வெள்ளி திரையின் ஓரத்துக்குப் போனது. மேகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்படியானால் அது வெள்ளியில் இல்லை, ஃபில்டரில். “ஏங்க, இந்தக் கண்ணாடியத் தொட்டீங்களா?”

“ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும் சந்தனம் வச்சேம்லா. மிஷினு, கத்திரி, ஒன் கறுப்புக் கண்ணாடி. பொறவு வேட்டியால நல்லாத் தொடச்சுட்டேம்ட்டி.”

கண்ணுக்குத் துளியும் தெரியாத பிசுக்கு, புற ஊதாவில் கரியாகத் தெரிந்திருக்கிறது. “ஒங்க பக்தில இடி விழ!” என்றேன். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். வெள்ளி கட்டடத்தைத் தொட இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

மறுபடி எடுத்தேன். மங்கலாக, சாம்பல் நிறத்தில், படுக்கைவாட்டில் இரண்டு கீற்று. நம்பிக்கை வராமல் வெள்ளியை வேண்டுமென்றே ஓரத்துக்குத் தள்ளினேன். கீற்றுகளும் கூடவே போயின.

நாலே நாளில் ஒரு கிரகத்தையே சுற்றி வருகிற மேகங்கள், எங்கள் மாடியில்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “ஆத்தாடி” என்றார் அவர். வெள்ளி கட்டடத்துக்குப் பின்னால் மறையும்வரை படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

காலையில் டெம்போ வந்தது. அவர் சந்தனக் கிண்ணத்தோடு தொலைநோக்கிப் பெட்டியின் முன்னால் நின்றார்.

“பெட்டிக்கு வைக்கலாமாட்டி?”

“அங்க வானமே தெரியாதுங்க” என்றேன்.

“தெரியுத எடத்துக்கு நான் தூக்கிட்டு வாரேன்” என்று சொல்லி, மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்தார்.